திரைச்சொல்லும் கட்டளைத்தொடரும்: கணினிப் பிணைய அமைவுகளை மொழிபெயர்த்தல்

கணினியொன்றைப் பிணையத்தோடு இணைப்பதற்கு அதனிடம் நான்கு செய்திகளைத் தெரிவிக்க வேண்டியுள்ளது. அக்கணினியின் முகவரி எது, அம்முகவரியில் பிணையத்தைச் சுட்டும் பகுதி எவ்வளவு, வெளிப்பிணையங்களுக்குச் செல்லும் வழி எது, பெயர்களை எண்முகவரிகளாக மாற்றித்தரும் வழங்கி எது என்பன அவை. இவற்றைத் தெரிவிக்க இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. திரையில் தோன்றும் படிவத்தின் கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்துவது ஒரு முறை. இது வரைகலை முறை எனப்படும். முனையத்தில் ஒரு தொடரைத் தட்டி அதைக் கணினிக்கு ஆணையாக இடுவது மற்றொரு முறை; இது கட்டளை வரி முறை எனப்படும்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வாதம் கணினியாளரிடையே நெடுங்காலமாக நடந்துவருகிறது. படிவம் எளிது, கட்டளை ஆற்றல் மிக்கது என்பதே பெரும்பாலும் அவ்வாதத்தின் சாரம். மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அத்தீர்ப்பைவிட வேறொன்று கருதத்தக்கது. சொல் இவ்விரு முறைகளிலும் ஒரே பணியைச் செய்வதில்லை. படிவத்தில் சொல் பெயர்ப்பலகையாக நிற்கிறது. கட்டளையில் சொல்லே செயலாகிறது. பலகையைத் தமிழில் எழுதலாம். கட்டளையில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணினி அதை ஏற்பதில்லை. எனவே தமிழாக்கம் பெற்ற ஒரு கணினியில் ஒரு பாதி தமிழாகவும் மறுபாதி ஆங்கிலமாகவும் இருக்கிறது. இந்நிலையில் மொழிபெயர்க்கப்படாத பாதியை மொழிபெயர்ப்பாளர் தமக்குத் தொடர்பற்றதென ஒதுக்கிவிடுகின்றனர். படிவத்துச் சொற்களின் பொருளை உள்ளவாறு அறிய அப்பாதியே சிறந்த அகராதி என்பது இக்கட்டுரையின் கருத்து.

இங்குக் கட்டளைகள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன. கணினியில் அவை உரோமன் எழுத்திலேயே தட்டப்படும். எடுத்துக்காட்டுகளில் வரும் ஈத்0 என்பது ஈத்தர்நெட் அட்டைக்கு லினக்ஸ் நெடுங்காலம் வழங்கிவந்த பெயர்.

கட்டளையின் தொடரமைப்பு

கட்டளை வரியைக் குறியீட்டுக் குவியலாகக் காண்போர் உளர். உண்மையில் அதற்குத் திட்டமான தொடரமைப்பு உண்டு. அது கருவிக்குக் கருவி வேறுபடுகிறது. 1983-இல் 4.2 பிஎஸ்டி யூனிக்சில் வெளிவந்த ஐஎஃப்கான்ஃபிக் என்னும் கட்டளையை முதலில் நோக்கலாம்:

ஐஎஃப்கான்ஃபிக் ஈத்0 192.168.1.10 நெட்மாஸ்க் 255.255.255.0 அப்

இத்தொடரில் வினைச்சொல் இல்லை. கருவியின் பெயர், அட்டையின் பெயர், முகவரி, அடையாளச் சொல்லோடு கூடிய மற்றோர் எண், இறுதியில் நிலையைக் குறிக்கும் ஒரு சொல் என அடுக்கப்பட்டுள்ளன. தமிழின் பெயர்ப்பயனிலைத் தொடரை இது ஒருவாறு நினைவூட்டும். ‘ஈத்0-இன் முகவரி இது’ என்னும் கூற்றே ‘இதுவாக ஆகுக’ என்னும் ஏவலாகவும் நிற்கிறது.

லினக்சில் இதன் இடத்தைப் பின்னர் ஐபி என்னும் கட்டளை பிடித்தது. அலெக்சி குஸ்நெத்சோவ் எழுதிய ஐபிரூட்2 தொகுதியைச் சேர்ந்தது அது. 2017-இல் வெளிவந்த டெபியன் 9 முதல், பழைய கருவிகள் அடங்கிய தொகுதி புதிய நிறுவல்களில் இயல்பாக இடம்பெறுவதில்லை. புதிய கட்டளையின் அமைப்பு வருமாறு:

ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.10/24 டெவ் ஈத்0

இங்கு முதலில் செயப்படுபொருளின் வகை (அட்ரஸ்), அடுத்து வினை (ஆட்), அதன்பின் குறிப்பான பொருளும் இடமும் வருகின்றன. டெவ் என்பது தமிழின் ஏழாம் வேற்றுமை உருபு செய்யும் பணியைச் செய்கிறது. ‘ஈத்0-இல்’ என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தை அடியாகக் கொண்ட இக்கட்டளையில் பொருள் முன்னும் வினை பின்னும் வருவது, ‘முகவரி சேர்’ என்னும் தமிழ் வரிசையோடு தற்செயலாக ஒத்துப்போகிறது. மைக்ரோசாஃப்டின் பவர்ஷெல் இதற்கு நேர்மாறானது. 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த நியூ-நெட்ஐபிஅட்ரஸ் என்னும் கட்டளையில் வினைக்குரிய சொல் முன்னும் பெயர் பின்னும் இடைக்கோட்டால் இணைகின்றன. அங்கு ஆளத்தக்க வினைகளின் பட்டியல் ஒன்று வரையறுக்கப்பட்டுள்ளது. பெயர்கள் ஒருமையில் வரவேண்டும் என்னும் விதியும் உண்டு. கட்டளை மொழிகளுள் இலக்கணநூல் எழுதி வைத்துக்கொண்டு பிறந்தது இது எனலாம்.

தொக்கி நிற்பவற்றைப் பொருள்கொள்ளும் முறையும் கருவிதோறும் மாறுகிறது. மேற்காட்டிய ஐபி கட்டளையில் /24 என்பதை விட்டுவிட்டால் பிழைச்செய்தி வராது. /32 என்று கணினி எடுத்துக்கொள்ளும். அதாவது அக்கணினி தன்னந்தனியாக நிற்கும். அடுத்த மேசையிலுள்ள கணினியையும் தன் பிணையத்தைச் சேர்ந்ததாகக் கருதாது. ஐஎஃப்கான்ஃபிக்கில் நெட்மாஸ்க் பகுதியை விட்டால், முகவரியின் பழைய வகுப்பை நோக்கி 255.255.255.0 எனத் தானே கொள்ளும். ஒரே குறை, இரு வேறு நிறைவு. படிவத்தில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. கட்டம் வெறுமையாக இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

ஒரு பொருள், பெயராகவும் உருபாகவும்

வெளிப்பிணையத்திற்கு வழிகாட்டும் கருவியின் முகவரியை விண்டோஸ் படிவம் டிஃபால்ட் கேட்வே என்கிறது. லினக்ஸ் படிவங்கள் கேட்வே என்கின்றன. ஆப்பிளின் மேக்ஓஎஸ் படிவத்தில் அதே கட்டத்தின் பெயர் ரவுட்டர். மூன்றையும் தமிழாக்குவோர் நுழைவாயில், இயல்புநிலை வாயில், வழிசெலுத்தி, திசைவி எனப் பல சொற்களைக் கையாளுகின்றனர். இவற்றுள் ஒவ்வொன்றும் தனித்தனியே தவறன்று. ஆயினும் ஒரு கணினியில் நுழைவாயிலைக் கற்ற மாணவர், மற்றொன்றில் திசைவி என்னும் கட்டத்தைக் கண்டால் அது வேறு பொருள் என்றே எண்ணுவார்.

கட்டளைகளில் இப்பொருள் எவ்வாறு வருகிறது என்பது நோக்கத்தக்கது. பழைய கட்டளையில் ஜிடபிள்யூ என்னும் சுருக்கமாக வருகிறது. புதிய கட்டளை இது:

ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.1.1

இங்குக் கேட்வே என்னும் பெயர்ச்சொல்லே இல்லை. வயா என்னும் முன்னிடைச்சொல் அதன் இடத்தில் நிற்கிறது. தமிழில் இது ‘வழியாக’ என்னும் சொல்லுருபுக்கு நிகர். சிஸ்கோ நிறுவனத்தின் கருவிகளிலோ இதற்குச் சொல்லே கிடையாது. ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 192.168.1.1 என்று எழுதினால், மூன்றாம் இடத்தில் நிற்பதனாலேயே அவ்வெண் அப்பொருளைப் பெறுகிறது. பெயர், உருபு, இடம் என மொழிகளில் வேற்றுமையுறவு வெளிப்படும் மூன்று வழிகளும் ஒரே தொழிற்பொருளுக்கு இங்கே அமைந்துவிட்டன.

மொழிபெயர்ப்பாளருக்கு இதனால் விளையும் பயன் உண்டு. வாயில் என்னும் பெயரை மட்டும் கண்டவர் அதை ஓர் இடமாகக் கருதுவர். நுழைவாயில் என்றால் உள்ளே வரும் வாயில் எனவும் கொள்வர். வயா என்னும் உருபைக் கண்டவருக்கு அது ‘இதன் வழியாகச் செல்க’ என்னும் உறவைக் குறிப்பது விளங்கும். டிஃபால்ட் என்பது வாயிலுக்கு அடைமொழியன்று, வழிக்கு உரியது என்பதும் கட்டளையிலேயே தெளிவாகிறது. வேறு வழி குறிக்கப்படாத எல்லா முகவரிகளுக்கும் உரிய வழி எது என்பதே கேள்வி. ‘பொது வெளிவழி’ என்னும் தொடர் இக்கருத்தை நுழைவாயிலைவிடச் செம்மையாகத் தரும். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்றுவது எளிதன்று என்பது வேறு செய்தி.

சூழல் இழந்த சொற்கள்

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்குவோர் படிவத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பது அரிது. கெட்டெக்ஸ்ட் முறையில் மூலச்சொற்கள் ஒரு கோப்பில் வரிசையாக வந்துசேரும். ஒவ்வொன்றின் கீழும் தமிழை எழுதவேண்டும். ஒரே எழுத்துக்கோவை உடைய இரு சொற்களுக்கு ஒரே மொழிபெயர்ப்புத்தான் தரமுடியும் என்னும் நிலை முன்பு இருந்தது. 2006-இல் வந்த கெட்டெக்ஸ்ட் 0.15 பதிப்பு சூழல் குறிப்பை இணைக்கும் வசதியைத் தந்தது. நிரலாளர் அதைப் பயன்படுத்தினால்தான் மொழிபெயர்ப்பாளருக்குச் சூழல் கிட்டும்.

மானுவல் என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். முகவரியைத் தானாகப் பெறுவதா, கையால் இடுவதா எனக் கேட்கும் இடத்தில் இச்சொல் நிற்கிறது. தனியே காண்பவர் இதைக் ‘கையேடு’ என எழுதிவிட வாய்ப்புண்டு. அவ்வாறு எழுதப்பட்டால், முகவரியைத் தானே இடவேண்டிய ஆசிரியர் அதைச் சொடுக்கமாட்டார். உதவி நூல் திறக்கும் என்று எண்ணி விலகிவிடுவார். நெட்ஒர்க்மேனேஜர் என்னும் மென்பொருளின் கட்டளையில் இச்செய்தி ஐபிவி4.மெதட் மானுவல் என்று வருகிறது. மெதட், அதாவது முறை, என்னும் சொல்லின் பின் வந்தவுடன் பொருள் ஐயமற்றதாகிறது: முகவரி பெறும் முறை, கைமுறை. திரை இழந்துவிட்ட சூழலைக் கட்டளை காத்துவைத்திருக்கிறது.

மாஸ்க் என்பது இதனினும் கடினமானது. 192.168.1.10 போன்ற முகவரி நான்கு எண்களாகத் தோன்றினும் 32 இரும எண்களால் ஆயது. அவற்றுள் முதற்பகுதி பிணையத்தையும் எஞ்சியது கணினியையும் சுட்டும். ஊர்ப்பெயரும் வீட்டு எண்ணும் இடைவெளியின்றி ஒட்டி எழுதப்பட்ட அஞ்சல் முகவரி போன்றது இது. ஊர்ப்பெயர் எங்கே முடிகிறது என்று சொன்னாலன்றி விளங்காது. 1985-இல் வகுக்கப்பட்ட நெறிப்படி 255.255.255.0 என்னும் எண் இதைச் சொல்கிறது. இரும வடிவில் அது 24 ஒன்றுகளும் 8 சுழிகளும் ஆகும். ஒன்றுகள் நிற்கும் இடம் பிணையம். சுழிகள் நிற்கும் இடம் கணினி. சுவரில் வண்ணம் அடிப்போர் வேண்டாத பகுதியை மூடிவைப்பது போன்றே கணினியும் சுழிப்பகுதியை மூடிவிட்டுப் பிணையப் பகுதியை மட்டும் நோக்குகிறது. ஆகவே உபவலை முகமூடி என்னும் நேர்பெயர்ப்பு பொருந்துவதில்லை. முகமூடி ஆளை மறைக்கும்; இது எல்லையைக் காட்டும்.

1993-இல் வகுப்பற்ற முகவரி முறை வந்தபின் அந்நீண்ட எண்ணுக்கு மாற்றாக /24 என்று எழுதும் வழக்கம் பரவியது. இவ்வெண்ணின் பெயர் பிரிஃபிக்ஸ் லெங்த். தமிழில் முன்னொட்டு நீளம் என்பர். முகவரியின் முன்பகுதியை முன்னொட்டு என்றது பொருத்தமே. அதன் நீளத்தைச் சொல்லும் /24 என்பது முகவரியின் இறுதியில் ஒட்டி வருவதால், முன்னொட்டைக் குறிக்கும் பின்னொட்டாக அது அமைந்துவிட்டது!

இங்கே ஒரு தவறு உண்மையான இடரை விளைவிக்கும். விண்டோசின் பழைய உரையாடற் பெட்டியில் அக்கட்டத்தின் பெயர் சப்நெட் மாஸ்க். விண்டோஸ் 10-இன் புதிய அமைவுப் பக்கத்தில் அதே இடத்தில் சப்நெட் பிரிஃபிக்ஸ் லெங்த் என்று பெயர் மாறியது. அக்கட்டம் 24 என்னும் எண்ணை எதிர்பார்க்கிறது. பழக்கத்தால் 255.255.255.0 என்று இட்டவர்களுக்கு அமைவுகளைச் சேமிக்க இயலவில்லை, சரிபார்க்கவும் என்னும் செய்தி மட்டுமே கிடைத்தது. எந்தக் கட்டத்தில் பிழை என்று அது கூறவில்லை. ஆங்கிலம் அறிந்தோரே தடுமாறிய இடம் இது. மொழிபெயர்ப்பாளர் இரண்டும் ஒன்றுதானே என்று கருதிப் பழைய தமிழ்ச்சொல்லையே இங்கும் இட்டால், தமிழ்ப் பயனருக்கு எஞ்சியிருந்த ஒரே குறிப்பும் மறைந்துவிடும். கருத்தளவில் இரண்டும் ஒன்றே. ஆயின் கட்டத்திற்குள் எழுதவேண்டியது வேறு. பெயர்ப்பலகையின் கடமை கருத்தைக் குறிப்பதோடு முடிவதில்லை, என்ன எழுதவேண்டும் என்பதையும் அது உணர்த்தவேண்டும். ‘பிணையப் பகுதியின் நீளம்’ எனில் நீளம் என்னும் சொல்லே ஒற்றை எண்ணை வேண்டிநிற்கும். பவர்ஷெல் கட்டளையிலும் இது பிரிஃபிக்ஸ்லெங்த் 24 என்றே வரும். கட்டளையைக் கண்ட மொழிபெயர்ப்பாளருக்கு இக்குழப்பம் நேராது.

பொத்தானின் வாக்குறுதி

ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாட்டை அறிந்தோருக்குக் கட்டளை வரி நல்ல எடுத்துக்காட்டு. சொன்னவுடன் செயல் நிகழ்ந்துவிடுகிறது. ஆயின் எச்செயல் நிகழ்கிறது என்பது வினைச்சொல்லை உற்று நோக்கினால்தான் தெரியும். ஐபி அட்ரஸ் ஆட் என்பது உண்மையிலேயே சேர்க்கிறது. முன்பிருந்த முகவரி நீங்குவதில்லை, ஓர் அட்டைக்கு இரு முகவரிகள் ஆகிவிடும். ஐஎஃப்கான்ஃபிக் பழையதை நீக்கிப் புதியதை வைக்கும். மேலும் ஐபி கட்டளையின் விளைவு உடனே நிகழ்ந்தாலும் கணினியை மறுமுறை இயக்கும்போது மறைந்துவிடும். நெட்ஒர்க்மேனேஜரின் மாடிஃபை கட்டளை இதற்கு எதிரானது. அது எழுதிவைக்கும், நிலைக்கும், ஆனால் அவ்விணைப்பை அப் என்னும் கட்டளையால் மீண்டும் எழுப்பும்வரை நடைமுறைக்கு வராது. செய்தலும் நிலைநிறுத்தலும் வெவ்வேறு வினைகள் என்பது கட்டளை வரியில் வெளிப்படையாகத் தெரிகிறது.

படிவத்தில் இவ்வேறுபாடு ஒரு பொத்தானுக்குள் அடங்கிவிடுகிறது. சில படிவங்கள் சேவ் என்றும் சில அப்ளை என்றும் அதற்குப் பெயரிடுகின்றன. தமிழாக்கத்தில் முன்னது ‘சேமி’ ஆகவும் பின்னது ‘செயற்படுத்து’ ஆகவும் வருகின்றன. லினக்சின் க்னோம் அமைவுப் பக்கத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் இணைப்பின் முகவரியை மாற்றி அப்ளை பொத்தானை அழுத்தினாலும், இணைப்பை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கினால்தான் புதிய முகவரி நடைமுறைக்கு வருவதைப் பல பதிப்புகளில் காணலாம். ஆங்கில அப்ளை பல பொருள்களுக்கு இடந்தரும் தளர்ந்த சொல். ‘செயற்படுத்து’ என்பது அத்தகையதன்று. செயல் உடனே நிகழும் என்று உறுதி கூறுகிறது. மூலத்தைவிடத் துல்லியமான சொல்லை இட்டதால் மொழிபெயர்ப்பு பொய்யாகிவிடும் இடம் இது. இத்தகைய இடத்தில் ‘மாற்றங்களை ஏற்றுக்கொள்’ என்பது போன்ற அளவான சொல் தக்கது.

பிழைச்செய்திகளிலும் இதை ஒத்த ஒன்று உண்டு. முன்பே உள்ள வழியை மீண்டும் சேர்க்க முயன்றால் ஐபி கட்டளை ‘ஃபைல் எக்சிஸ்ட்ஸ்’ என்று விடைதருவதுண்டு. யூனிக்சின் பொதுப் பிழைப்பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட தொடர் அது. ‘கோப்பு ஏற்கெனவே உள்ளது’ என்று வழிகாட்டி நூலில் பெயர்த்தால் படிப்பவர் இல்லாத கோப்பைத் தேடுவார். ‘இது முன்பே உள்ளது’ என்பதே போதும்.

பெயர் அடையாளமாகும் இடம்

படிவம் தமிழுக்குரியது, கட்டளை ஆங்கிலத்திற்குரியது என்னும் பாகுபாடு ஓரிடத்தில் உடைகிறது. நெட்ஒர்க்மேனேஜர் கம்பியிணைப்பு ஒன்றைத் தானே உருவாக்கும்போது ‘ஒயர்டு கனெக்ஷன் 1’ என்று அதற்குப் பெயரிடும். இத்தொடர் மொழிபெயர்ப்புக் கோப்பிலும் உள்ளது. ஜெர்மன் மொழியில் அமைந்த கணினியில் அவ்விணைப்பு ஜெர்மன் பெயரோடு பிறக்கிறது. அதன்பின் கட்டளை வரியில் அவ்விணைப்பைக் குறிப்பிட வேண்டுமாயின் அந்த ஜெர்மன் பெயரையே மேற்கோள் குறிக்குள் தட்டவேண்டும். பெயர்ப்பலகையாகக் கருதி எழுதிய சொல் கட்டளையின் உறுப்பாகிவிட்டது.

விண்டோசிலும் இது நேர்ந்தது. விண்டோஸ் 2000 முதல் வழங்கும் நெட்ஷ் கட்டளையில் இணைப்பைப் பெயரால் சுட்டுவது வழக்கம். ஆங்கில விண்டோசில் அப்பெயர் ‘லோக்கல் ஏரியா கனெக்ஷன்’. ஜெர்மன் விண்டோசில் ‘லான் ஃபெர்பிண்டுங்’. ஒன்றில் எழுதிய கட்டளைக்கோப்பு மற்றொன்றில் இயங்கவில்லை. நெட்ஒர்க்மேனேஜரின் கட்டளைக் கையேடு இதனை உணர்ந்து, வெளியீடு பயனரின் மொழிக்கேற்ப மாறும் என எச்சரித்து, நிரல்களில் பயன்படுத்தும்போது மொழியமைவைச் சி என்னும் பொதுநிலைக்கு மாற்றிக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறது.

தமிழுக்கு இடர் இன்னும் மிகுதி. ஜெர்மன் பெயரை எந்த முனையமும் காட்டும். லினக்சின் வரைகலையற்ற கன்சோல் 512 எழுத்துருக்களுக்கு மேல் ஏற்பதில்லை; எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் திறனும் அதற்கில்லை. கொ, மை போன்ற எழுத்துகளை அங்கே உரிய வடிவில் காணமுடியாது. வரைகலைத் திரை பழுதுபட்டுக் கன்சோலுக்கு வந்துசேர்ந்தவர் தம் இணைப்பின் தமிழ்ப்பெயரைப் படிக்கவும் இயலாது, தட்டவும் இயலாது. அவ்விணைப்பின் நீண்ட எண்ணடையாளத்தைப் பார்த்து எழுதுவதே அவருக்குள்ள வழி. எனவே இவ்வொரு தொடரை மட்டுமாவது பெயர்க்காமல் மூல வடிவில் விடுவது நன்று. மொழிப்பற்றுக்கு இது குறையாகத் தோன்றலாம். அடையாளமாகிவிட்ட பெயர் மொழிபெயர்ப்புக்குரிய சொல்லன்று, ஊர்திப் பதிவெண் போன்றது என்று கொண்டால் அக்குறை நீங்கும்.

தொலைவிலிருந்து உதவுதல்

பிணையம் இயங்காதபோது அதைப்பற்றிய உதவியையும் பிணையத்தில் தேடமுடியாது. பெரும்பாலும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தே கேட்கவேண்டியுள்ளது. இருபது கணினிகள் உள்ள ஒரு பள்ளிக் கணினிக்கூடத்தின் ஆசிரியரையும் வேறோர் ஊரிலிருந்து அவருக்கு உதவும் தொழில்நுட்பரையும் எண்ணிப்பார்க்கலாம். படிவத்தின் வழியே உதவும்போது மொழி முழுவதும் சுட்டாக அமைகிறது: ‘மேலே மூன்றாவது தாவல், அதில் இரண்டாவது கட்டம், கீழே வலப்புறம் உள்ள பொத்தான்’. இருவர் கணினிகளின் பதிப்பும் வேறாயின் சுட்டுகள் பொய்த்துவிடும். ஒருவர் திரை தமிழிலும் மற்றவர் திரை ஆங்கிலத்திலும் இருப்பின், ‘கேட்வே எங்கே’ என்று ஒருவர் கேட்க, மற்றவர் திரையில் அச்சொல்லே இராது. கட்டளையின் வழியே உதவும்போது மொழி மேற்கோளாக அமைகிறது. எழுத்தெழுத்தாகச் சொல்லலாம், எழுதி அனுப்பலாம், ஒரே எண்ணை மட்டும் மாற்றி இருபது கணினிகளுக்கும் இடலாம். படிவத்தை இருபது முறை நிரப்புவதினும் இது பிழை குறைந்தது.

மேற்கோளுக்கும் இடர்கள் உண்டு. இடைவெளி எங்கே, சாய்கோடு எப்பக்கம் என்பன ஒலியில் வாரா. தமிழ் ஒலிபெயர்ப்பு ஒரு புதிய இடரையும் தருகிறது. வழியைக் குறிக்கும் ரூட், தலைமைப் பயனரைக் குறிக்கும் ரூட் ஆகிய இரண்டும் உரோமன் எழுத்தில் வேறு, தமிழில் ஒன்று. ‘ரூட் கட்டளையை ரூட் பயனரே இடமுடியும்’ என்னும் தொடரைத் தமிழ் வழிகாட்டியில் காண்பவர் இரண்டும் ஒரு சொல் என்றே கொள்வர். பின்னதை ‘தலைமைப் பயனர்’ என்று பெயர்த்துவிட்டால் சிக்கல் தீரும். முன்னது கட்டளையாதலால் பெயர்க்க இயலாது. எதைப் பெயர்ப்பது, எதை விடுவது என்பதை இங்கே கருவியின் அமைப்பே வரையறுத்துவிடுகிறது.

தவறான கட்டளையின் விளைவு கடுமையானது என்பதையும் சொல்லவேண்டும். தொலைவிலுள்ள கணினியில் பிணையத்தின் வழியே நுழைந்து அதன் அட்டையை அணைக்கும் கட்டளையை இட்டவர், தாம் அமர்ந்த கிளையைத் தாமே வெட்டியவராவார். திருத்தும் கட்டளையை இடுவதற்கு வழியிராது. உபுண்டு வழங்கிகளில் பயன்படும் நெட்பிளான் கருவியின் டிரை என்னும் கட்டளை இதற்கு மாற்றாக வந்தது. புதிய அமைவை நடைமுறைப்படுத்திவிட்டு, 120 நொடிகளுக்குள் பயனர் உறுதிசெய்யாவிடில் பழைய நிலைக்கே அது திரும்பிவிடும். ‘முயல்’ என்னும் வினைக்கு இத்துணைப் பொருத்தமான பொருளை அகராதிகளும் தந்ததில்லை.

படிவத்தின் சுட்டையும் கட்டளையின் மேற்கோளையும் இணைக்க மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பல படிவங்களில் சுட்டியைக் கட்டத்தின்மேல் நிறுத்தினால் சிறு விளக்கம் தோன்றும். அவ்விளக்கமும் மொழிபெயர்ப்புக் கோப்பில் தனி வரியாக உள்ளது. கட்டத்தின் பெயரைத் தமிழில் இட்டுவிட்டு, விளக்கத்தில் கட்டளைக்குரிய மூலச்சொல்லையும் எதிர்பார்க்கும் எண்ணின் வடிவத்தையும் சேர்த்து எழுதலாம். ‘பொது வெளிவழி: கட்டளையில் வயா, எ-டு 192.168.1.1’ என்னும் அளவு போதும். தொலைபேசியின் மறுமுனையிலுள்ளவர் கேட்வே என்றாலும் ரவுட்டர் என்றாலும், எந்தக் கட்டத்தைக் குறிக்கிறார் என்பதை ஆசிரியர் அந்த எடுத்துக்காட்டு எண்ணைப் படித்துக்காட்டி உறுதிசெய்துகொள்ளலாம். முகவரிப் பக்கத்தில் இவ்வாறு விளக்கம் வேண்டும் கட்டங்கள் நான்கைந்துதான். கோப்பு முழுவதையும் பெயர்க்கும் உழைப்பில் அது ஒரு மாலைநேர வேலை.